டான்யூபும் எங்கள் ஏ.வி.எம். கால்வாயும்

நமது சபா அன்பர்களில் பலர் காசி, பத்ரிநாத் யாத்திரைகளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். நானும் என் சகதர்மிணியும் 2018 மே மாதத்தில் ஐரோப்பாவில் செய்த நதிப் பிரயாணத்தைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் இரண்டு முறை நினைவூட்டினார். எழுத உட்கார்ந்தால் பேனா டான்யூபிலிருந்து நழுவி, எங்கள் அமரவிளைக்குக் கீழே ஓடும் நெய்யாற்றிலேயே வந்து நிற்கிறது. ஆகவே இதில் பாதி ஐரோப்பா, பாதி திருவிதாங்கூர். பொறுத்தருள வேண்டும்.

பிரயாணம் எங்கள் பையனின் உபயம். எனக்கு அறுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. "முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லி அவனே பதிவு செய்துவிட்டான். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் கப்பல் ஏறி ஹங்கேரியில் புடாபெஸ்டில் இறங்க வேண்டும், ஏழு இரவுகள். எங்கள் பெட்டியில் பாதியை பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் அடைத்துக்கொண்டன. கப்பலில் தயிர் தாராளமாகக் கிடைத்தபடியால் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை.

டான்யூப் ஏறக்குறைய 2,850 கிலோமீட்டர் நீளம். பத்து நாடுகள் வழியாக ஓடிக் கருங்கடலில் விழுகிறது. கரையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சரித்திரம். ரேகன்ஸ்பர்கில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலத்தில் இன்றும் ஜனங்கள் நடக்கிறார்கள். பாசாவ் நகரில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று நதிகள் சங்கமம். நம்ம ஊராக இருந்தால் அங்கே ஒரு ஸ்நான கட்டமும் தர்ப்பண மண்டபமும் இருந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். மெல்க் என்ற இடத்தில் மலைமேல் ஒரு கிறிஸ்தவ மடம். டியூர்ன்ஸ்டைனில் ஒரு இடிந்த கோட்டை. சிலுவைப்போரிலிருந்து திரும்பி வந்த இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்த இடம். வியன்னாவைத் துருக்கியர் 1529-லும் 1683-லும் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். பிராடிஸ்லாவாவில் ஹங்கேரி ராஜாக்களுக்கு முடிசூட்டினார்கள். புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று ஊர்கள் 1873-இல் ஒன்றானதுதான் புடாபெஸ்ட். இவையெல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும், விரிக்கவில்லை.

விஞ்ஞானம் படித்த எனக்கு மறக்க முடியாமல் போனது முதல் இரண்டு நாட்கள்தான். மற்ற பயணிகள் அப்போது உள்ளே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நியூரம்பெர்க் டான்யூப் கரையில் இல்லை. அங்கிருந்து மேடேறி, மறுபக்கம் இறங்கித்தான் டான்யூபை அடைய வேண்டும். கப்பல் மேடேறுமா? ஏறுகிறது. மைன் நதியையும் டான்யூபையும் இணைக்கும் 171 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் பதினாறு 'லாக்'குகள் இருக்கின்றன. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேலேயிருந்து தண்ணீரை விடுகிறார்கள். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே தத்துவம்தான். கப்பல் சத்தமில்லாமல் உயர்கிறது. ஹில்போல்ட்ஸ்டைன் லாக்கில் ஏறக்குறைய 25 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரம், ஒரே தூக்கு. பக்கத்திலேயே படிப்படியாக மூன்று சேமிப்புத் தொட்டிகள். இறங்கும்போது வெளியேறும் தண்ணீரில் சுமார் அறுபது சதவிகிதத்தை அவற்றில் பிடித்து வைத்து அடுத்த கப்பலைத் தூக்கப் பயன்படுத்துகிறார்கள். லாக்கின் அகலம் 12 மீட்டர், எங்கள் கப்பலின் அகலம் பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு. கைநீட்டினால் ஈரச் சுவரைத் தொடலாம், தொட்டும் பார்த்தேன்.

உச்சி மட்டம் கடலுக்கு மேலே 406 மீட்டர். அங்கே கரையில் ஒரு கான்கிரீட் சின்னம் நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை வடகடலுக்கும், அந்தப் பக்கம் விழுவது கருங்கடலுக்கும் போகும். அந்த இடத்தில் எங்கள் வழிகாட்டி ஒரு கதை சொன்னார். அதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

இந்த இரண்டு நதிகளை இணைக்க முதலில் முயன்றவர் சார்லிமேன் சக்கரவர்த்தி. வருஷம் 793. இந்தக் கால்வாய்க்குக் கொஞ்சம் மேற்கே, கிராபென் என்ற கிராமத்தில், ரெசாட் என்னும் சிற்றாற்றுக்கும் ஆல்ட்முயிலுக்கும் நடுவே சுமார் மூன்று கிலோமீட்டர் மேட்டை வெட்டச் செய்தார். அவரே அங்கு வந்து தங்கினார். மழை பிடித்துக்கொண்டது. சதுப்பு நிலம், பகலில் வெட்டிய மண் இரவில் சரிந்து விழுந்தது என்று அந்தக் காலத்து அரச குறிப்புகள் சொல்கின்றனவாம். சமீப காலத்தில் தொல்லியல் அறிஞர்கள் தோண்டி எடுத்த கரைத் தடுப்பு மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அவை வெட்டப்பட்டது சரியாக 793 என்றே தெரிந்திருக்கிறது. வேலை பூர்த்தியானதாகத் தெரியவில்லை. பிறகு ஆயிரம் வருஷம் யாரும் தொடவில்லை. பவேரியாவின் முதலாம் லூட்விக் ராஜா நூறு லாக்குகள் வைத்து 1846-இல் ஒரு கால்வாயை முடித்தார். உடனேயே ரயில் வந்து அதை நொடித்தது, 1950-இல் மூடிவிட்டார்கள். இப்போதுள்ளது 1992-இல் திறந்தது. சார்லிமேன் மண்வெட்டி போட்டதிலிருந்து கணக்குப் போட்டால் 1,199 வருஷம்!

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் என் மனம் அங்கே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், ஒரு ராஜா தொடங்கி வைத்து, முடியாமல் கிடக்கும் கால்வாய் ஒன்று எனக்குத் தெரியும்.

அமரவிளை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடி போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பக்கத்தில் நெய்யாற்றங்கரை கிருஷ்ண ஸ்வாமி கோயில். வீரமார்த்தாண்ட வர்மா சத்ருக்களிடமிருந்து தப்ப ஒளிந்தார் என்று சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவின் அடிமரத்தை இன்றும் பார்க்கலாம். அகஸ்திய மலையில் உற்பத்தியாகும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி, எங்களைத் தாண்டிப் பூவாற்றில் கடலில் சேர்கிறது. அங்கேதான் ஏ.வி.எம். கால்வாய் ஆரம்பம். மெட்ராஸ்காரர்கள் சினிமா ஸ்டூடியோவின் கால்வாயோ என்று கேட்பார்கள்! அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் என்பதன் சுருக்கம் அது. ஸ்ரீ அனந்தபத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா என்று மூன்று பெயர்கள். இந்த மார்த்தாண்ட வர்மா கொளச்சலில் 1741-இல் டச்சுக்காரரைத் தோற்கடித்தவர் அல்ல. ஸ்வாதித் திருநாளின் தம்பி, 1847 முதல் 1860 வரை ஆண்ட உத்திரம் திருநாள். திருவனந்தபுரத்திலிருந்து கன்யாகுமரி வரை உள்நாட்டு நீர்வழி வேண்டும் என்பது திட்டம். 1860-இல் வேலை தொடங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் மகாராஜா காலமானார். பூவாறு முதல் இரையுமன்துறை வரையும், அதற்குத் தெற்கே சில துண்டுகளும் வெட்டப்பட்டன. கன்யாகுமரி வரை அது போகவேயில்லை.

வடக்கே நடந்ததோ வேறு கதை. ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் திருவனந்தபுரம் வள்ளக்கடவிலிருந்து வேளிக் காயல், கடினங்குளம் காயல் வரை பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. அங்கிருந்து அஞ்சுதெங்கு வழியே வடக்கே போகலாம். ஆனால் வர்க்கலையில் செம்பாறைக் குன்று குறுக்கே நின்றது. வள்ளத்திலிருந்து இறங்கி, சாமானைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், அந்தப் பக்கம் வேறு வள்ளம் ஏறவேண்டும். கும்பகோணத்தில் பிறந்த திவான் ஸர் டி. மாதவ ராவ் காலத்தில் அந்தக் குன்றைக் குடையும் வேலை ஆரம்பித்தது. அடுத்த திவான்கள் காலத்தில், 1880 வாக்கில், இரண்டு சுரங்கங்களும் முழுமையாயின. பெரியது ஏறக்குறைய 720 மீட்டர் நீளம். டைனமைட்டும் இயந்திரமும் சுலபமாகக் கிடைக்காத காலத்தில், படகு போகக் குகை வெட்டிய சமஸ்தானம் நம்முடையது. அதற்குப் பிறகு வள்ளக்கடவில் ஏறினால் கொல்லம், ஆலப்புழை, கொச்சி தாண்டி மலபார் வரை நீர்வழியிலேயே போக முடிந்தது.

என் தாத்தா அந்த வழியில் போனவர். ரயில் திருவனந்தபுரத்துக்கு வந்தது 1918-இல். அதற்கு முன்பு, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாக, வைக்கத்தஷ்டமிக்குத் தம் அப்பாவோடு போயிருக்கிறார். அமரவிளையிலிருந்து வள்ளக்கடவு வரை மாட்டு வண்டி. பிறகு கெட்டுவள்ளம், ஆஞ்ஞிலிப் பலகைகளை ஓர் ஆணிகூட இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டியது, மேலே பனம்பாய் வளைவு. "ஏறிப் படுத்தா ராத்திரி முழுக்க ஒரே தூக்கம். முழிச்சுப் பார்த்தா வர்க்கலை. தொரப்புக்குள்ளே நுழைஞ்சா பகல்லேயே பந்தம் கொளுத்துவன். கத்தினா நம்ம குரலே திரும்பி வரும்" என்று சொல்லுவார். தொரப்பு என்றால் சுரங்கம். தூக்குப் பாத்திரத்தில் கட்டிக்கொண்ட எலுமிச்சஞ்சாதமும், இறங்கும் இடங்களில் ஊட்டுப்புரைச் சாப்பாடும். ஆறு வருஷத்துக்கொரு தடவை ஸ்ரீ பத்மநாப ஸ்வாமி சன்னிதியில் 56 நாள் நடக்கும் முறைஜபத்துக்கு வடக்கேயிருந்து வைதிகர்கள் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கியதும் இந்தக் கடவில்தான்.

டான்யூபில் நாங்கள் பார்த்த கோட்டைகளுக்குக் குறைவாகத் தாத்தா பார்க்கவில்லை என்று கப்பலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அஞ்சுதெங்கில் 1690-களில் இங்கிலீஷ் கம்பெனி கட்டிய கோட்டை. அங்கிருந்து ஆற்றிங்கல் ராணிக்கு வெகுமதி கொண்டு புறப்பட்ட இங்கிலீஷ்காரர் சுமார் 140 பேர் 1721-இல் கொல்லப்பட்டார்கள். சிப்பாய்க் கலகத்துக்கு 136 வருஷம் முந்தியது இது. கொல்லத்தில் தங்கசேரி, போர்ச்சுகீசியர் கோட்டை, பின்பு டச்சுக்காரர் கையில், பின்பு வெள்ளைக்காரரிடம். பல்லனை ஆற்றில் 1924 ஜனவரியில் 'ரெடீமர்' என்ற படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் உயிர் நீத்த இடமும் இதே வழியில்தான். ஐரோப்பாவைப் பார்க்க நாங்கள் விமானம் ஏறினோம். தாத்தா காலத்திலோ ஐரோப்பாவே அவர் போன வழியின் கரையில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஊட்டுப்புரைகளில் சாப்பாடு நமக்கு மட்டுமே. வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே மற்றவர்கள் 1924-25-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. தாத்தாவிடம் நான் ஒரு தடவை, "ராத்திரி முழுக்கக் கழுக்கோல் ஊன்றினவா யாரு தாத்தா? அவாளுக்கு எங்கே சாப்பாடு?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "தெரியலையேடா" என்றார்.

எனக்கும் ஒரு வள்ளப் பிரயாணம் உண்டு. எங்கள் அத்தையை முஞ்சிறையில் கொடுத்திருந்தது. அது 1958 என்று நினைவு. எனக்கு எட்டு வயது. பூவாற்றில் தேங்காய் ஏற்றிப்போகும் வள்ளம் ஒன்றில், மூட்டை மேல் உட்கார்ந்து, அப்பாவோடு ஏ.வி.எம். கால்வாய் வழியாகப் போனேன். பொழியூர், நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை என்று வரிசையாக மீனவர் ஊர்கள். வலது பக்கம் மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரைகிறது. இடது பக்கம் தென்னந்தோப்பு. நடுவே அசையாத தண்ணீர். தொண்டு ஊறப்போட்ட இடங்களில் அழுகின முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. அது ஹைட்ரஜன் ஸல்பைடு என்று கல்லூரி லாபரட்டரியில் தெரிந்துகொண்டபோது எனக்கு முஞ்சிறை அத்தைதான் ஞாபகம் வந்தாள்.

அந்தப் பிரயாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே, 1956 நவம்பர் முதல் தேதி, எல்லை பிரிந்துவிட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயின. எங்கள் நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே கோடு. அத்தை ஒரு ராஜ்யம், நாங்கள் ஒரு ராஜ்யம். வள்ளக்காரருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தண்ணீரிலா கோடு போட முடியும்! ஆனால் கால்வாய்க்கு அது பொருட்டாகிவிட்டது. ஒரே வாய்க்கால், இரண்டு சர்க்கார். தூர் வாருவது யார், கரையை அளப்பது யார்? லாரி வந்தது. திருவனந்தபுரம்-கன்யாகுமரி ரயில் 1979-இல் வந்து, அமரவிளைக்கும் ஒரு ஹால்ட் கிடைத்தது. வள்ளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் பின்பாதியில், நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. கால்வாய்க் கரையில் ஆக்கிரமிப்பு நடக்கிறது, ஓரிடத்தில் மண்ணிட்டு நிரப்பிப் பாதை போட்டுவிட்டார்கள், இரு பக்கத்தாரும் சேர்ந்து அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று கரையோர ஜனங்கள் எழுதிய மனு. கீழே முப்பது நாற்பது கையெழுத்து, கைநாட்டுகளும் உண்டு. எனக்கு அந்த இடம் தெரியும். மூட்டை மேல் உட்கார்ந்து போன இடம். கூட்டு அளவைக்கு எழுதிப் போட்டிருக்கலாம். எழுதினால் ஆறு மாதம் கழித்து ஒரு கேள்வி வரும், அதற்கு நான் பதில் தயார் செய்ய வேண்டும். மார்ச் மாதம், நிலுவைக் கோப்புகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்தில் நெருக்கினார்கள். "பிரச்னைக்குரிய பகுதி பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் உள்ளது. இந்த அலுவலகத்தில் மேல் நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிக்கப்படலாம்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன். குறிப்பில் பொய் ஒன்றுமில்லை. முப்பது வருஷம் கழித்து, ஹில்போல்ட்ஸ்டைன் லாக்கின் அடியில், நாலுபுறமும் ஈரச் சுவர் சூழ நின்றபோது அந்த வரிகள் அட்சரம் பிசகாமல் ஞாபகத்துக்கு வந்தன. என் மனைவி, "ஏன் முகம் ஒரு மாதிரி ஆயிடுத்து? தலை சுத்தறதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். கொல்லம்-கோட்டப்புரம் நீர்வழி 1993-இலேயே மூன்றாம் தேசிய நீர்வழியாகிவிட்டது. இணைந்த கால்வாய்களோடு 205 கிலோமீட்டர். கோவளம் முதல் வடக்கே பேக்கல் வரை மேற்குக் கடற்கரைக் கால்வாய் என்ற பெரிய திட்டத்தில் பார்வதி புத்தனாறும் வர்க்கலைச் சுரங்கங்களும் வருகின்றன. சந்தோஷம். ஆனால் கோவளம் எங்களுக்கு வடக்கே. பூவாறு அதில் இல்லை. ஆச்சரியமாக, தேசிய நீர்வழிகள் சட்டம், 2016-இன் பட்டியலில் எங்கள் கால்வாய் இருக்கிறது! மொத்தம் 111 நீர்வழிகளில் பதிமூன்றாவது: ஏ.வி.எம். கால்வாய், பூவாறு முதல் இரையுமன்துறை வரை, 11 கிலோமீட்டர். முதலாவதாக இருக்கும் கங்கை 1,620 கிலோமீட்டர். கங்கையோடு ஒரே பட்டியலில் இடம்பிடித்துவிட்டது என்று என் மனைவியிடம் சொன்னேன். "அப்போ ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றாள்.

சென்ற தை மாதத்தில் போனோம். பூவாற்றில் சுற்றுலாப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. மிதக்கும் விடுதிகளும் இருக்கின்றன. எல்லோரும் பொழிமுகத்துக்கும் கண்டல் காட்டுக்கும் போகிறவர்கள். ஏ.வி.எம். கால்வாய்க்குள் போகவேண்டும் என்றதும் படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கத்து எல்லோரையும் போலத் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. "அங்க காணதுக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்றார். பரவாயில்லை என்றேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. தாழம்புதர், தென்னை, ஒரு மீன்கொத்தி. பிறகு வீடுகளின் பின்கட்டுகள் கரையைத் தாண்டித் தண்ணீருக்குள் கால் நீட்டி நின்றன. பிளாஸ்டிக் பைகள். அப்புறம் ஆகாயத்தாமரை, முதலில் திட்டுத்திட்டாக, பிறகு கரைக்குக் கரை பச்சைக் கம்பளம். அதன் மேல் ஒரு கொக்கு நடந்து போயிற்று. இஞ்சின் விசிறியில் தண்டு சுற்றிக்கொண்டு படகு நின்றுவிட்டது. மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரைவது மட்டும் 1958-இல் கேட்ட மாதிரியே கேட்டது.

"பதினொன்றில் எத்தனை கிலோமீட்டர் வந்திருப்போம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு காணும் சாமி" என்றார். இஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, படகின் அடியிலிருந்து கழுக்கோலை எடுத்து ஊன்றி, மெதுவாகத் திருப்பினார். நான் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.